ஹம்சவேணி அக்கா வாங்கிய டைப்ரைட்டர்

ஹம்சவேணி அக்காவுக்கு நடுக்குவாதம் வந்து ஏழு வருடம் ஆகிறது. கைகள் நடுங்கும். மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் தலையும் மேலும் கீழுமாக ஆடும். பார்ப்பவருக்கு அது சரி, சரி என்று சொல்வது போலிருக்கும்.

அதுதான் வினையாகப் போயிற்று. சென்னையிலிருக்கும் அவர் மகன் ராகேஷ் ஒருநாள் வீடியோவில் வந்து, அங்கே ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்துவிட்டதாகவும், வில்லாபுரம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடலாமா என்றும் கேட்டான். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிர பாஷை. ஐந்து வருடமாக அக்காவைக் கவனித்துக்கொள்வதால் எனக்கும் புரியும். அக்காவின் தலை ஆடியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காரில் வருவதாகச் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அக்கா என் கையைப் பிடித்தார். குரலும் அடங்கிப்போனதால் வாயருகே காதை வைத்தேன். "மாட்டேன்" என்பது மட்டும் கேட்டது.

நானே ராகேஷுக்குப் போன் செய்தேன். "உங்க வேலை போயிரும்னு பயப்படாதீங்க ஆன்ட்டி" என்றான். அதற்குமேல் நான் சொல்லி என்ன பயன்? அக்காவே சொல்ல வேண்டும். காகிதம் கொடுத்தேன். இந்த நோயில் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். இரண்டாவது வரி எறும்பு வரிசையாகிவிட்டது. போனில் தொட்டால் ஒரு எழுத்துக்கு நான்கு விழுந்தது. கடைசியில் அவர் மேசைமேல் பத்து விரலையும் வைத்துத் தட்டிக் காட்டினார்.

கலெக்டர் அலுவலக வாசலில் முப்பத்திரண்டு வருடம் மனு டைப் அடித்தவர் அவர். அந்தப் பெரிய மெஷினை நோய் வந்த வருடமே கொடுத்துவிட்டார். இப்போது வேண்டியது பெட்டியோடு கையில் தூக்குகிற சின்ன மெஷின். வியாழக்கிழமை ஆட்டோ பிடித்து, தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சந்தில் பழைய மெஷின்கள் விற்கும் அழகுபாண்டியின் கடைக்குப் போனோம்.

"தமிழுல இந்த ரெண்டுதான்க்கா இருக்கு. இந்த வெள்ளைய எடுத்துக்கங்க, தொட்டாலே விழும். அந்தப் பச்ச கட்ட மெஷினு, அழுத்தித் தட்டணும், விரல் நோவும்" என்றார் அழகுபாண்டி.

பலமில்லாத கைக்கு லேசான பொருள்தான் சரி. நானும் வெள்ளையைத்தான் காட்டினேன்.

அக்கா எங்கள் இருவரையும் பொருட்படுத்தவில்லை. இரண்டு மெஷினிலும் ரோலர் ரப்பரில் நகத்தை அழுத்தித் தடம் விழுகிறதா என்று பார்த்தார். வரி முடிகிற இடத்தில் மணி அடிக்கிறதா என்று காதுகொடுத்துப் பார்த்தார். பிறகு வெள்ளையில் பேப்பர் ஏற்றினார். விரலை வைத்ததுமே, அவர் அடிக்காத எழுத்துகள் விழுந்தன. மூன்றாவது வார்த்தையில் இரண்டு எழுத்துக்கம்பிகள் சிக்கி நின்றன.

"மெஷின்ல கோளாறு இல்லக்கா" என்று அழகுபாண்டி கம்பியைப் பிரித்துவிட்டார்.

அக்கா பச்சையை இழுத்தார். நடுங்கும் விரல்களை விசைகள்மேல் வைத்தார். ஒன்றும் விழவில்லை. நடுக்கத்துக்கு அந்த விசை இறங்கவில்லை. அவர் நினைத்து அழுத்தினால்தான் இறங்கியது. இத்தனை வருடம் நோயாளிகளைத் தூக்கி இறக்கியவள் நான். எனக்கு இது தோன்றவேயில்லை.

பிறகு அவர் அடிக்கத் தொடங்கினார். சும்மா இருக்கையில் நடுங்கும் கை, வேலையில் இறங்கினால் அடங்கும் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். படித்ததற்கும் அன்று பார்த்ததற்கும் வெகுதூரம். காலையில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் என்னிடம் நீட்டிய அதே கைகள். விரல் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போய்த் திரும்பியது. அவர் கீழே பார்க்கவேயில்லை. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே கோட்டில் நின்றன. வேறொரு மெஷினில் திருகாணி கழற்ற உட்கார்ந்திருந்த அழகுபாண்டி அதை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"எம்புட்டு வருசம் ஆச்சுக்கா தட்டி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏழு."

"நான் தெனம் தட்டுறேன். எனக்கு இப்படி வராது."

ஞாயிற்றுக்கிழமை ராகேஷ் வந்து உட்கார்ந்ததும், அக்கா ஒரு தாளை நீட்டினார். அவருக்கு எழுதத் தெரிந்த விதம் ஒன்றுதான், மனு. அனுப்புநர், பெறுநர், பொருள்: சென்னைக்கு வர மறுப்பது தொடர்பாக. 'ஐயா, நான் தலையாட்டியது நோயினால், சம்மதத்தினால் அல்ல. என் வீட்டில் என் விருப்பப்படி இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"ஐயாவா? என்னையவா?" என்று சிரிக்கப் பார்த்தான். இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா கார்பன் நகலை எடுத்து அவன் முன்னால் தள்ளினார். அதன் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது.

"இது எதுக்கு ஆன்ட்டி?"

"கையெழுத்துப் போட்ருங்க தம்பி. எந்த ஆபீஸ்லயும் அது வாங்காம உங்கம்மா திரும்புனதில்லயாம்."

தேதியோடு போட்டான். அக்கா நகலை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன், அம்மாவுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டான். அக்காவின் தலை ஆடியது. அவன் தலையைப் பார்க்கவில்லை. பச்சை மெஷினில் ஒரு தாளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தான்.