பூட்டின கடைக்குப் பின்னால் ஒரு வீடு

எங்கள் முதலாளி கடைக்கு இடம் பார்க்கும் விதமே தனி. ஊருக்கு வெளியே புதிதாக வீடுகள் எழும்பும் பக்கமாகப் போவார். குழாயடிக்குக் கொஞ்சம் தள்ளி ஜட்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, பெண்கள் குடத்தோடு எந்த வழியாக வீடு திரும்புகிறார்கள் என்று பார்ப்பார். போகும் வழி அவருக்கு முக்கியமில்லை. "போறப்போ அவசரமா போவாங்க தம்பி. திரும்பி வர்றப்போதான் வூட்ல இன்னா தீந்துபோச்சுன்னு ஞாபகம் வரும்" என்பார்.

ஒருமுறை துணைக்கு நானும் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்கும் பெண்களை வண்டிக்குள்ளிருந்து காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்களைப் பற்றி ஒரு தெரு என்ன நினைக்குமோ அதையேதான் அந்தத் தெருவும் நினைத்தது. ஓர் அம்மாள் வந்து கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. முதலாளி வயதானவர், கதர்ச் சட்டைக்காரர், அதனால் தப்பினார். எனக்கு அந்த வசதி இல்லை.

அப்போது ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, ஆனால் எந்த ஊர் யாருக்கு என்ற வழக்கு தீரவில்லை. முதலாளியின் தலைமைக் கடையும் கிடங்கும் திருத்தணியில். கிளைகள் நகரியில் ஒன்று, புத்தூரில் ஒன்று, சித்தூரில் ஒன்று. எல்லாக் கடைக்கும் ஒரே நீலப் பலகை, ஒரே மாதிரி அலமாரி. அவர் இளமையில் ரங்கூனில் இருந்தவர். அங்கே யாரோ வெள்ளைக்காரன் கடையைப் பார்த்து வந்த ஆசை. பருப்பு, சர்க்கரை, புளி எல்லாம் திருத்தணியிலேயே நிறுத்துப் பொட்டலமாக ஒட்டி, நீல முத்திரை குத்தி, லாரியில் வரும். வாடிக்கையாளர் உள்ளே வந்து தானே எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிற கதை இதுதான். அன்றைக்கு எங்கள் பக்கத்துக்கு இது வேடிக்கை.

நான் சித்தூர்க் கிளையில் விற்பனையாளன். விற்பனையாளன் என்று சொன்னால் எதையாவது விற்றிருக்க வேண்டும். ஜனங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். கண் மறைவில் நிறுத்த பொட்டலத்தை யார் நம்புவது? நானும் பேச்சில் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டு வாசலில் நின்று கூவிப் பார்த்தேன். கூட்டம் கூடியது. நான் பேசிய தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பதற்கு.

திருப்பதியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் முள்காட்டை வெட்டிப் புதுக் குடியிருப்பு வந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்து நிலத்தை விற்றுவிட்டு அங்கே வீடு கட்டியிருந்தார் என் மாமா, அதாவது அக்காவின் கணவர். குழாயடியிலிருந்து திரும்பும் வழியில் சரியாக மூலை வீடு. முதலாளி வண்டியிலிருந்து இறங்கி அந்த வீட்டின் முன்கூடத்தைப் பார்த்த பார்வையில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தோற்றான்.

பேச்சு முடிந்தது. முன்கூடம் பத்து வருஷக் குத்தகைக்குக் கடையாகும். கிளை மேனேஜர் மாமாதான். தெருக்கதவை எடுத்துவிட்டு, மரச்சட்டத்தில் வெட்டிய தவாளிப்பில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைக் கதவு போட்டார்கள், குறுக்கே இரும்புப் பட்டையும் பூட்டும். அக்கா மட்டும் கேட்டாள்:

"வாசலைக் குடுத்துட்டு நாம எப்படி வர்றது போறது?"

"கடை வழியாத்தான். கடையே நம்மளுதுதானே" என்றார் மாமா.

"இல்லன்னா அந்தச் சந்துதான் கீது" என்றாள் அக்கா.

சந்து என்றால் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் மழைத்தண்ணீர் போக விட்ட இடுக்கு. ஒல்லிப்பிச்சானான நானே தோளைத் திருப்பித்தான் போக வேண்டும். அக்கா என்னைப்போல் இரண்டு பேர்.

கடை திறந்த நாளில் முதலில் வந்த பெண் ஒரு பருப்புப் பொட்டலத்தை எடுத்து, கையில் ஆட்டிப் பார்த்து, முந்தானையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கொசரேதி?"

கொசுறு எங்கே என்கிறாள். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் எதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, இதில் ஒத்துப்போவார்கள். நிறுத்து முடித்தபின் கடைக்காரன் கையால் கொஞ்சம் அள்ளி மேலே போட வேண்டும். அதைப் போடாதவன் எவ்வளவு சரியாக நிறுத்தாலும் திருடன். ஒட்டி முத்திரை குத்தின பொட்டலத்தின் மேல் எதை அள்ளிப் போடுவது? மாமா விதியைச் சொன்னார். அவள் பொட்டலத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்து வந்தவளும் அப்படியே போனாள். சித்தூரில் நான் எதற்காக ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

மாமா கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு சரக்குக்கு ஒரு பொட்டலம் உடைத்து டப்பாக்களில் கொட்டி வைத்துக்கொண்டார். பருப்பு வாங்கினால் ஒரு பிடி பருப்பு, புளி வாங்கினால் ஒரு கிள்ளுப் புளி, இடுப்புக் குழந்தைக்கு வெல்லத்தில் ஒரு மூலை. அவ்வளவுதான். குழாயடியே கடைக்குள் வந்துவிட்டது. லாரி இறக்கிய சரக்கு அடுத்த லாரிக்குள் காலி. மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிற அழகைப் பார்த்து அக்காவே சிரிப்பாள்.

"இவரு மேனேஜராமே! ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கறாரு, வூட்டுக்கு ஒரு பலம் காப்பித்தூளு கேட்டா முத்திரை கீதுன்றாரு."

"முத்திரை போட்டதை உடைக்கலாமாடி?" என்பார் மாமா, டப்பாவில் கைவிட்டுக்கொண்டே.

சரக்குக் குறைவது முதலாளிக்குத் தெரியாமல் இல்லை. விற்பனை ஏறிக்கொண்டே போனதால் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் எல்லை தீர்ந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதி எல்லாம் இந்தப் பக்கம். அதற்காக ஊர்வலம் போனவர்கள் உண்டு, அடிபட்டவர்களும் உண்டு. நானும் ஒரு ஊர்வலத்தில் போனேன், ஆனால் அது எந்தப் பக்கத்து ஊர்வலம் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. எங்கள் கடைகளுக்கு வந்த கேடு சத்தமே இல்லாமல் வந்தது. தலை ஒரு மாநிலம், உடம்பு ஒரு மாநிலம். பொட்டலம் ஏற்றிய லாரி நகரிக்கு முன்னால் நின்றது. இந்தப் பக்கத்துக்கு ஒரு வரி, அந்தப் பக்கத்துக்கு ஒரு பர்மிட். இன்றைக்கு விட்டால் நாளைக்குத் தடுப்பார்கள். புளி பரவாயில்லை, காத்திருக்கும். வெல்லம் லாரியிலேயே உருகியது.

முதலாளி சித்தூருக்கு வந்து எங்கள் கடையில் உட்கார்ந்து பேசினார்.

"இந்தப் பக்கம் ஒரு கடைதான் வெச்சிக்க முடியும் தம்பி. இந்தக் கடையை வெச்சிக்கிறேன்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "மொதலாளி, இங்க யாருமே வர்றதில்லையே. திருப்பதிலதான் கூட்டம் அள்ளுது."

"கூட்டம் வருது. சரக்கும் போவுது. உங்க மாமா அள்ளிக் குடுத்தது எவ்ளோன்னு அவருக்கே தெரியாது. சரக்கு சுளுவா வந்துகினு இருந்தப்போ தாங்கினேன். இனிமே ஒவ்வொரு பொட்டலமும் செக்போஸ்ட்டைத் தாண்டி வரணும். இங்கதான் ஒரு பருப்பு குறையல."

குறையாததற்குக் காரணம் என் யோக்கியதை அல்ல. ஆளே வராத இடத்தில் கோயில் மணிகூடத் திருடு போகாது. அப்படியாக, திறமையே இல்லாத நான் வேலையில் நீடித்தேன். நகரியும் புத்தூரும் போயின, திருப்பதிக் கடையையும் மூடினார்கள்.

மூடினார்கள் என்றால், பின்கட்டுக்குப் போகும் கதவைக் கடைப் பக்கமிருந்து தாழிட்டு, பலகைகளைச் செருகி, இரும்புப் பட்டையை மாட்டிப் பூட்டி, சாவியைத் திருத்தணிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். குத்தகையை முடிக்கவில்லை. வாடகை மாதம் தவறாமல் மணியார்டரில் வந்தது. மாமா முதலில் இதைப் பெருமையாகக்கூட நினைத்தார். "மறுபடி தெறக்கப்போறாரு, அதான்" என்றார். தினமும் விடிந்ததும் பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு அந்தச் சந்து வழியாகத் தோளைத் திருப்பி வெளியே வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, திரும்ப அதே வழியில் உள்ளே போவார். பின்கட்டில் ஓர் அறை, சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

ஒரு நாள் நான் பார்க்கப் போயிருந்தபோது, குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா தெருவில் நிற்கிறது. கட்டிலோடு தூக்கினால் சந்தில் நுழையாது. நான் உப்புமூட்டை சுமப்பதுபோல அவரை முதுகில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். சுவர் அவர் முழங்கையைச் சிராய்த்தது. அந்த நிலையிலும் என் காதருகில் குழறினார்:

"மச்சான்... நீ ஒரு வேலை ஒழுங்கா செஞ்சி இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபின் அவர் கேட்டது ஒன்றுதான். தெருவைப் பார்க்க வேண்டும். முன்கூடத்தில் கட்டிலைப் போட்டு, பலகைகளை எடுத்துவிட்டால் போதும், போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை என்னைச் சந்து வழியாகத் தூக்கிப் போ என்று அவர் யாரைக் கேட்பது?

நான் திருத்தணிக்குப் பஸ் ஏறினேன். என் நாக்கின்மேல் எனக்கு நம்பிக்கை. வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார். முதலாளி வீட்டில் முதலில் சாப்பாடு போட்டார்கள். வயிறு நிறைந்தபின் எனக்குக் கோபமாகப் பேச வராது, அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கூடத்தை மட்டும் வுட்டுடுங்க மொதலாளி. வாடகைகூட வாணாம்" என்றேன்.

அவர் ஒரு வெற்றிலையை நீவி என்னிடம் கொடுத்துவிட்டு, தனக்கு இன்னொன்றை நீவினார்.

"நான் தேடிப் புடிச்ச எடம் தம்பி அது. நான் காலி பண்ணா அடுத்த வாரமே எவனாவது அங்க கடை போடுவான். நான் மறுபடி அந்த ஊருக்குள்ள நொழையவே முடியாது."

"மாமா யாருக்கும் குடுக்க மாட்டாரு."

"அவரு குடுக்க மாட்டாரு. அவருக்கு அப்புறம்?"

வந்த வழியே, அவர் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடு திரும்பினேன். அதைப் பஸ்ஸில் தின்றும் விட்டேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், முதலாளி ஊரில் இல்லை என்றேன். அவள் என் வேட்டியில் இருந்த வெற்றிலைக் கறையைப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். மாமா மட்டும் கட்டிலிலிருந்து, "சாவி?" என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

விடியற்காலை செய்தி வந்து நான் சித்தூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, தெருக்காரர்கள் பத்துப்பேர் சந்தின் வாயில் நின்று அளந்துகொண்டிருந்தார்கள். பாடையைச் சாய்த்தாலும் திரும்பாது. பாயில் சுற்றி நிமிர்த்திக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரை இடிக்கச் சொன்னார், நல்ல மனுஷன். பூட்டை உடைக்கலாம் என்று யாரோ சொன்னதும் எல்லோரும் யோசித்தார்கள். குத்தகைக்காரன் பூட்டு, அதுவும் இப்போது வேறு மாநிலத்துக்காரன், போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன். ஆள் அனுப்பிச் சாவி வாங்கி வரலாமா என்று கேட்டேன்.

"அவரு வாசல் வழியாத்தான் போவாரு" என்றாள் அக்கா.

அம்மியிலிருந்து குழவியை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரையும் விலக்கி, சந்துச் சுவர் இரண்டு பக்கமும் உராய வெளியே வந்தாள். பூட்டின்மேல் அடித்தாள். பூட்டு அசையவில்லை, பட்டையின் கொண்டிதான் மரத்தோடு பெயர்ந்து வந்தது. பலகைகளை நான் ஒவ்வொன்றாக உருவிச் சாய்த்தேன். உள்ளே எலி கடித்த பொட்டலக் காகிதம், வெறும் அலமாரி, தூசி. நடுவில் பெருக்கி, வாழையிலை பரப்பி, பின்கட்டுக் கதவின் தாழை நீக்கி, மாமாவைக் கொண்டுவந்து தெருவைப் பார்த்தாற்போல் கிடத்தினோம். தெரு அவருக்கு எதிரே முழுதாகத் திறந்து கிடந்தது. கண்ணை அக்கா இரவிலேயே மூடிவிட்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி, விஷயம் தெரியாதவள், குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். பலகைகள் எடுத்திருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகாமல், சந்தோஷமாகக் கேட்டாள்:

"அக்கா, கடை தெறந்துட்டீங்களா?"

அக்கா தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"தெறந்துட்டோம்மா. உள்ள வா."