மாமாவின் ஏழு கார்கள்

எங்கள் வீட்டில் ஏழு கார்கள் இருந்தன என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓசூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அந்த நாளில் நாலு காருக்கு மேல் தேறாது. ஆனாலும் எங்கள் வீட்டில் ஏழு இருந்தன. ஆறு கார்கள் மாமா கொண்டுவந்தவை, ஒன்று நானே செய்தது. அந்த ஒன்றுக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. இப்போதும் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று போனால் யாராவது அதைக் கிளறாமல் விடுவதில்லை. நான் செய்தது தப்பு என்று பத்து வயதில் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்வதாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் அம்மாவே வளர்த்தவர். பெங்களூரில் லாரிகளுக்கு பாடி கட்டும் ஒரு ஷெட்டில் வேலை. ஷெட் முதலாளிக்குக் கார் பந்தயப் பைத்தியம். யுத்தத்தின்போது விமானம் இறங்குவதற்கென்று போட்டு, யுத்தம் முடிந்ததும் மாடு மேய விட்டுவிட்ட ஒரு சிமெண்டுத் திடலில் அவ்வப்போது பந்தயம் நடக்கும். முதலாளிக்குக் கார் வாங்கத் தெரியும், ஓட்டத் தெரியாது. மாமாவுக்கு ஓட்டத் தெரியும், வாங்க வழியில்லை. இரண்டு பேருக்கும் நன்றாகப் பொருந்திப்போனது.

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் மாமா பஸ் ஏறி ஓசூருக்கு வருவார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கும். உள்ளே, அந்தத் தடவை அவர் ஓட்டிய காரின் மரப் பொம்மை. ஷெட்டில் இருந்த கன்னடக்கார ஆசாரி, லாரிக்கு அறுத்து மிஞ்சிய கட்டையில் அதைச் செய்து கொடுப்பார். அடிக்கு ஒரு விரற்கடை என்பது அவர் கணக்கு. பதினாலு அடி நீளக் கார் என்றால் பொம்மையின் நீளம் பதினாலு விரல் அகலம் இருக்கும். நிஜக் காருக்கு அடித்த பெயிண்டில் டப்பாவின் அடியில் மிஞ்சியதுதான் பொம்மைக்கும். நாலாவது காருக்கு ஒரு பக்கக் கதவு நிற்காது, கயிறு போட்டுக் கட்டித்தான் மாமா ஓட்டினார். ஆசாரி பொம்மையிலும் அந்தக் கதவைச் சணல் நூலால் கட்டியிருந்தார். அதைப் பார்த்த அன்றைக்கு நான் சோறே தின்னவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முதல் கார் கடைசியாக வந்தது. மாமா அதை மறைக்கமாட்டார். ஹாரன் மட்டும் முதலாவதாக வந்தது என்பார். மூன்றாவதும் ஆறாவதும் ஜெயித்தவை. ஐந்தாவது பாதியிலேயே புகையாகப் போனது. இதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அப்பாவின் ராகி மண்டி வீட்டின் முன்கட்டில்தான் இருந்தது. அங்கே மூட்டைகளுக்கு மேலே இருந்த பலகையில் ஆறையும் வரிசைப்படி நிறுத்தி வைத்திருந்தேன். வரிசையை யாராவது மாற்றினால் வீடு ரெண்டுபடும். பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி காரு என்று மண்டிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ராகி வாங்க வந்தீங்களா, கேள்வி கேக்க வந்தீங்களா என்பேன். அப்பா தலையில் குட்டுவார். குட்டுக்குப் பயந்தால் கார் வைத்துக்கொள்ள முடியுமா?

ஏழாவது கார் சிவப்பு. பன்னிரண்டடி நீளம், ஐந்தடி அகலம். பந்தயத்துக்கு முந்தின வாரமே மாமா வந்து அளவெல்லாம் சொல்லி என் வாயில் எச்சில் ஊறவைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் வரவேண்டும், வரவில்லை. ஒரு ஆள் வந்து வாசலில் நின்று அப்பாவிடம் ஏதோ சொன்னார். அம்மா அப்படியே பெங்களூருக்குக் கிளம்பி, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் தம்பியோடு இருந்துவிட்டு வந்தாள். திருப்பத்தில் கார் மூன்று முறை புரண்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மாமா திரும்ப வந்தபோது இடது காலை இழுத்து நடந்தார். முன்பெல்லாம் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், அன்றைக்குக் கடைசி சீட்டிலிருந்து இறங்கினார். கால் நீட்ட வசதி போலிருக்கிறது என்று நினைத்தேன். பொட்டலம் எங்கே என்று கேட்டேன். அது வேண்டாம் கண்ணு என்றார்.

வேண்டாமா? ஏழு கார் ஓட்டியவருக்கு ஆறோடு நிறுத்தினால் கணக்கு என்ன ஆவது? கொல்லையில் கல்யாண முருங்கை வெட்டிப் போட்டிருந்தார்கள். மெத்தென்ற மரம், அரிவாள்மணைக்கே படியும். பன்னிரண்டு விரல் நீளம், ஐந்து விரல் அகலம் அளந்து செதுக்கினேன். மருந்து பாட்டில் தக்கையை வட்டமாக அறுத்துச் சக்கரம் வைத்தேன். குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். பலகையில் கொண்டுபோய் வைத்தால் மற்ற கார்களுக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. ஆசாரியின் விரலும் என் விரலும் ஒன்றா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. கணக்குச் சரி, கார்தான் சின்னது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அது கவிழ்ந்த கார் என்பதால் சக்கரம் மேலே இருக்கும்படி கவிழ்த்தே வைத்தேன்.

மறு வருஷம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். பெண்ணை அம்மாவும் அப்பாவும் பார்த்துவிட்டு வந்தாயிற்று, பெண்ணுக்கும் சம்மதம். இனி அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும். மாமாவுக்கு வீடு என்றால் எங்கள் வீடுதான். சம்பந்தம் பிடித்திருந்தால் வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். வாயால் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அதனால் அம்மா இரண்டு நாளாகவே அடுப்படியில் பதறிக்கொண்டிருந்தாள்.

பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பக்கம் டிரைவருக்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள். பந்தயத்தில் காரைக் கவிழ்த்தவனுக்கு யார் கொடுப்பார்கள்? மாமா இப்போது அதே ஷெட்டில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே, அவர் எப்போதுமே ஸ்டோரில்தான் இருந்தார், ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை என்று அம்மா ஒரு கதை கட்டிவிட்டாள். கால்? புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். கேட்டால் நானும் புளியமரம் என்றே சொல்லவேண்டுமாம். ஏழு கார்களும் ஒரு கோணிப்பைக்குள் போய், ராகி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரெண்டு பந்தயம் ஜெயித்த மனுஷனைப் புளி உலுக்க அனுப்பிவிட்டார்களே! நேராக மாமாவிடம் போய், நீ கார் ஓட்டினாயா இல்லையா, எனக்கு இப்போதே சொல் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஓட்டல கண்ணு. அம்மா சொல்றாப்ல சொல்லிரு" என்றார். அம்மா பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, அவள் அடுப்படிக்காரி. மாமாவே சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரு, உனக்கு நீ யாரென்று காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

அவர்கள் மார்கழிக் காலையில் வந்தார்கள். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பைப் பெண்ணின் அப்பாவே ஓட்டிவந்தார். பெரிய மீசை, காதில் கடுக்கன், தெலுங்கு கலந்த பேச்சு. கூட இரண்டு பங்காளிகள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து மழை, மாமரம், பூச்சி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா தலையைக் குனிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். கால் எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். அப்பா புளியமரத்தில் ஏற ஆரம்பித்தார்.

நான் முறத்தோடு உள்ளே போனேன். முறத்தில் ஏழு கார்கள். பெண்ணின் அப்பா முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தேன். கடை போடுகிறாயா என்று அவர் சிரித்தபடி கேட்டார்.

"எங்க மாமா ஓட்டுன காருங்க" என்றேன்.

அப்பா என்னை இழுக்கப் பார்த்தார். நான் ஜமக்காளத்தைப் பிடித்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா கையமர்த்தி, சொல்லட்டும் விடுங்க என்றார். சொன்னேன். முதல் காரின் ஹாரனிலிருந்து ஆறாவது ஜெயித்தது வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். சணல் கட்டிய கதவை அவிழ்த்தும் காட்டினேன். அவர் கடைசிக் காரைத் தொட்டு, இது மட்டும் ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்டார்.

"இதுலதான் மாமா கவுந்தாரு. புளியமரமெல்லாம் பொய்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. குழந்தை ஏதோ கதை சொல்கிறது என்று அப்பா அசடு வழியச் சிரித்தார். கதையா? மாமாவையே கேளுங்கள் என்றேன். எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். அவர் ரொம்ப நேரம் அந்தக் கன்றுக்குட்டிக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "கொழந்த சொல்றது நெசமுங்க" என்றார்.

எனக்கு அப்போது வந்த பெருமையை எதற்கும் கொடுக்கமாட்டேன். பங்காளிகள் இரண்டு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். கை நனைக்காமல் போகப்போகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. போகட்டுமே. பெண்ணின் அப்பா மட்டும் எழவில்லை. மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, இடுப்பிலிருந்து ஜீப் சாவியை எடுத்து மாமா முன்னால் வைத்தார்.

"ஏரிக்கரை வரைக்கும் ஒரு நடை ஓட்டிக் காட்டுங்க. பாப்பம்."

மாமா சாவியைத் தொடவில்லை. அம்மா கதவோரம் வந்து, காலுக்கு ஆகாதுங்க என்றாள். நான் சும்மா இருப்பேனா? சாவியை எடுத்து மாமா கையில் திணித்தேன். "ஓட்டு மாமா, காட்டு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் பாதிப் பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். பெண்ணின் அப்பா முன்சீட்டில் உட்கார, நான் கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஜீப் கிளம்பி உடனே நின்றது. மறுபடி கிளம்பி, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். இப்போது தொழிற்சாலைகளாக நிற்கிற அந்தப் பக்கமெல்லாம் அப்போது ராகிக் கொல்லை, ரோட்டில் ஈ காக்கை கிடையாது. அப்படிப்பட்ட ரோட்டில் மாமா முதல் கியரை விடவே இல்லை. வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டியது. வண்டிக்காரன் திரும்பி, "ஏனப்பா, பெட்ரோல் இல்வா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனான். எனக்கு மானம் போயிற்று. போ மாமா, வேகமாய்ப் போ மாமா என்று அவர் தோளில் குத்தினேன். ஏரிக்கரைத் திருப்பம் வந்ததும் அவர் ஜீப்பை நிறுத்தியே விட்டார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் திருப்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் இறங்கிய எருமைகள் மறு கரை ஏறும்வரை நின்றோம். அப்புறம் மாமா மெல்லத் திருப்பத்தில் வளைத்து, சுற்றிக்கொண்டு, வந்த மாதிரியே வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

பெண்ணின் அப்பா இறங்கி நேராகக் கிணற்றடிக்குப் போனார். கை கால் கழுவிக்கொண்டு வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து, இலை போடச் சொன்னார். பங்காளிகள் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வண்டி ஓட்டம் எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, "பொண்ணு குடுக்கறவனுக்கு இந்த வேகம் போதுமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதே கையோடு அடுப்படியில் என் முதுகில் இரண்டு வைத்தாள், வைத்த கையாலேயே கேசரியும் கொடுத்தாள். நான் கேசரியைத் தொடவில்லை. என் பேச்சை ஒரே ஒரு ஆள்தான் பொய்யாக்கிவிட்டான், அவனும் என் மாமா.

ஜீப் போனபிறகு மாமா கொல்லையில் வெயிலில் வந்து உட்கார்ந்தார். நான் கார்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவராகவே, எட்டாவது வண்டியை எப்போது செய்யப்போகிறாய் என்று கேட்டார். எந்த வண்டி என்றேன்.

"இன்னிக்கு ஓட்டுனனே கண்ணு, அந்த ஜீப்பு."

"அதெல்லாம் செய்யமாட்டேன். அது காரு கணக்குலயே வராது. மாட்டுவண்டிகூட முந்திருச்சு."

மாமா சிரித்தார். சொன்னபடியே நான் அதைச் செய்யவும் இல்லை. அவர் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அது கடகடவென்று ஆடி, பாதித் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. மார்கழிக் குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படிக் குளிரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருந்தேன், ஒரு துண்டுகூட எடுத்துக் கொடுக்கவில்லை.