தரை ஆடியபோது ஐந்தாம் மாடியில்

தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறோம். சற்றுமுன் தரை ஆடியதும் புடவை வாங்க வந்தவர்களை மட்டும் கீழே அனுப்பிவிட்டார்கள். அந்தமான் கடலடியில் நம் நிலத்தட்டு அடுத்த தட்டுக்கு அடியில் நழுவியிருக்கிறது என்கிறது கைபேசிச் செய்தி. ஊரில் ஆண்டுதோறும் நான் நடத்தித் தொலைக்கும் பாடம்தான்.

அரை மணி கழித்து மேலே விடுகிறார்கள். ஐந்தாம் மாடியில், எனக்குப் புடவை காட்டிய தென்காசிப் பக்கத்துப் பெண் அங்கேயே நிற்கிறாள். விரித்துக் கிடந்தவை எல்லாம் மடிந்திருக்கின்றன.

"நீங்க இறங்கலையாம்மா?"

"எல்லாத்தையும் மடிச்சு வச்சிட்டுத்தான் இறங்கணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு சார். முடிக்கதுக்குள்ள நீங்களே வந்துட்டிய."

"மறுபடியும் ஆடலாம். எப்போன்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது" என்கிறேன், வகுப்பில் சொல்வதுபோல.

அவள் அடுத்த புடவையை விரிக்கிறாள்.

"சொன்னா மட்டும் விட்டுருவாவளா சார்?"