உட்கார்ந்து குடிக்க ஒரு காப்பி

மதுரையில் கோச்சடைக்குக் குடிவந்த புதிதில், என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "என்னம்மா, ஒருவழியா சொந்த ஊருக்கே வந்து சேந்துட்ட." நான் சிரித்துவைப்பேன். என் சொந்த ஊர் மலேசியாவில் இருக்கும் ஈப்போ. அங்கேதான் பிறந்தேன், படித்தேன், வாத்தியார் வேலை பார்த்தேன். என் முன்னோர்கள் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மதுரை எனக்கு வெளிநாடு. மொழி புரிகிற வெளிநாடு என்பதால், என்னைப் பற்றி யார் என்ன பேசினாலும் ஒன்றுவிடாமல் காதில் விழும்.

என் கணவர் மதுரைக்காரர். ஈப்போவில் வேலைக்கு வந்தபோது பழக்கமாகி, கல்யாணம் செய்துகொண்டோம். அங்கே வேலை முடிந்ததும் அவர் அம்மா தனியாக இருக்கிறார் என்று இங்கே வந்துவிட்டோம். எனக்கும் சிம்மக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

ஈப்போவில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் தெருமுனைக் கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு கோப்பி குடிப்பேன். நாங்கள் கோப்பி என்றுதான் சொல்வோம். பக்கத்து மேசையில் ஒரு சீனக் கிழவர் பேப்பர் படிப்பார். எத்தனையோ வருஷம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகளிடம் தொண்டை வறளப் பேசிவிட்டு வந்தவளுக்கு, வீட்டுக்குப் போய் மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள் அந்த அரை மணி நேரம் வேண்டியிருந்தது.

மதுரையில் அந்த அரை மணி நேரத்துக்கு இடமே கிடைக்கவில்லை.

முதலில் எங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டிருந்த ஆண்கள், ஏதோ தீ பற்றிக்கொண்டது போல என்னைச் சுற்றி விலகினார்கள். கடைக்காரர் டம்ளரை எடுக்கவே இல்லை. "பார்சலாம்மா?" என்றார். இங்கேயே குடிக்கிறேன் என்றேன். "வீடு பக்கத்துலதானம்மா, பார்சல் கட்டித் தாரேன்" என்று பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டார். ஏசி போட்ட புதுக் கடை ஒன்றுக்குப் போனேன். பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. காப்பி பால் பாயசம் மாதிரி இருந்தது. அடுத்தது ஒரு பெரிய ஓட்டல். வாசலில் நின்ற ஆள், "லேடீஸ் எல்லாம் பேமிலி ரூம் போங்கம்மா" என்று கையைக் காட்டினார். கை கழுவும் இடத்தைத் தாண்டி, திரை போட்ட ஓர் இருட்டு அறை.

"நான் தனியாத்தானே வந்திருக்கேன். பேமிலி எங்க இருக்கு?" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. முன்னாடி ஜென்ட்ஸ் உக்காருவாங்க."

திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது அத்தைக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே விளங்கவில்லை. "வீட்டுல நான் போடுத காப்பிக்கு என்ன குறை?" என்றார். குறையே இல்லை. அவர் போடும் காப்பி நல்ல காப்பி. ஆனால் அதைக் குடித்து முடிப்பதற்குள் நாலு கேள்வி கேட்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு காப்பிக் கடை. மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, சாமான் வைக்கும் அறை அளவுதான் இருக்கும். உள்ளே சுவரோரமாகச் சில ஸ்டூல்கள். ஒருவர் பாய்லர் முன்னால் நின்று காப்பி போட்டார். அவர் மனைவி கல்லாவில் இருந்தார். நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்து, "நனையாம உள்ள வா தாயி" என்று ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். காப்பி வந்தது. கசப்பும் சூடும் சரியாக இருந்தது. அங்கே இருந்த ஆண்கள் ஒரு தடவை பார்த்தார்கள். "மழைக்கு ஒதுங்குன பிள்ளைய என்ன பார்வை?" என்று அந்த அம்மா ஒரு அதட்டல் போட்டார். பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மழை இல்லை. நான் போனேன். ஸ்டூல் கிடைத்தது. அதற்கு அடுத்த நாளும் போனேன். மதுரையில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

அந்தக் கடைக்கு என் கணவரின் பெரியப்பாவும் வாடிக்கையாக வருவார் என்பது எனக்குத் தெரியாது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு சாயங்காலம் நண்பர்களோடு உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். "வாங்க பெரிய மாமா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "சிம்மக்கல்ல அம்புட்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்து காப்பி குடிக்கணுமா?" என்றார். கணவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்குப் போகாம இரேன். பெரியப்பா மறந்துருவாரு" என்றார். ஈப்போவில் இதே மனிதர் என் எதிரே உட்கார்ந்து எத்தனை கோப்பி குடித்திருப்பார். அப்போது என்னைச் சுற்றி ஆண்கள் இருந்தது அவர் கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். "அது வேற ஊரு" என்றார்.

அடுத்த நாளும் போனேன். கல்லாவில் இருந்த அம்மா ஸ்டூலைத் தள்ளவில்லை.

"தாயி, கோவிச்சுக்காத. உங்க வீட்டுப் பெரியவரு காலையில வந்து சொல்லிட்டுப் போனாரு. இனிமே பார்சல் வாங்கிக்கிறியா?"

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து பஸ் ஏறினேன். எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரிய மாமா வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில போய் என்ன சொன்னீங்க பெரிய மாமா?"

"உக்காரும்மா. தண்ணி குடி."

"தண்ணி வேணாம். என்ன சொன்னீங்க?"

"நம்ம வீட்டுப் பிள்ள, பார்சல் குடுத்து அனுப்பிருங்கன்னு சொன்னேன். இதுல என்ன தப்பு?"

"நீங்க தினமும் அங்க உட்கார்ந்துதானே குடிக்கிறீங்க. அது அவ்வளவு மோசமான இடமா?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "மோசமான எடம்னு யாரு சொன்னா?" என்றார். "வீட்டுல வாயத் தொறக்க முடியல. பேசுனா மகன் ஒண்ணு சொல்லுதான், மருமக ஒண்ணு சொல்லுதா. அங்க போயி நாலு பேரு உக்காந்து மனசுல உள்ளதப் பேசுவோம். வீட்டுப் பொம்பளப் பிள்ள எதுத்தாப்புல உக்காந்திருந்தா எவன் பேசுவான்? எனக்குன்னு இருக்கது அந்த ஒரு எடந்தான்."

மானம், மரியாதை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வீட்டை விட்டு அரை மணி நேரம் விலகி உட்காருவது எப்படிப்பட்ட சுகம் என்று இந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே என்னிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்.

"எனக்கும் அதுக்குத்தான் பெரிய மாமா அந்தக் கடை வேணும்."

"மதுரையில கடையா இல்ல? வேற பாத்துக்கம்மா."

"தேடிட்டேன். வேற இல்ல. நாளைக்கும் போவேன். நீங்க மறுபடி போய்ச் சொன்னா, ஏன் சொன்னீங்கன்னு இப்ப எங்கிட்ட சொன்னத உங்க மருமக கிட்டயே சொல்லிருவேன்."

இப்படி ஒரு பெரியவரை மிரட்டியது சரியா என்று என் கணவர் பிறகு கேட்டார். சரிதான் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் கடைக்குப் போய், "உட்கார்ந்துதான் குடிப்பேன்" என்று கல்லாவில் சொன்னேன். "உங்க வீட்டுச் சண்டைய வீட்டோட முடிச்சுக்கங்க தாயி, இது யாவாரம் பண்ணுத எடம்" என்றார் அந்த அம்மா. முடித்துவிட்டேன் என்றேன். நம்பாத பார்வை ஒன்று பார்த்துவிட்டு, "ஒரு காப்பி" என்று பாய்லர் பக்கம் குரல் கொடுத்தார்.

வீட்டில் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் அவரும் என்னோடு வருவாராம். ஒரு சனிக்கிழமை வந்தார். அன்றைக்குக் கடையில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பாய்லர்காரர் தாமே காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். கல்லா அம்மா, "சாரு எந்த ஆபீசு?" என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஒரு பிரச்சனையும் இல்லையே" என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "அதுதான் பிரச்சனை. இனிமே நீங்க வராதீங்க" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பெரிய மாமா கொஞ்ச நாள் வராமல் இருந்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். முதலில் அவருடைய கூட்டம் குசுகுசுவென்று பேசியது. இப்போது நான் இருப்பதையே மறந்து மகன்களையும் மருமகள்களையும் திட்டுகிறார்கள். குடும்ப விசேஷங்களில் அவர் என்னிடம் பேசுவதில்லை. அத்தைக்கும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. கணவர் மட்டும் எப்போதாவது, "இன்னைக்கு காப்பி எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். நன்றாக இருந்தது என்பேன்.

பார்க்கிறவர்கள் நான் ஜெயித்துவிட்டேன் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஸ்டூலில் உட்காரும்போதெல்லாம், யாராவது வந்து எழுந்திருக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் குடிக்கிறேன்.