வெந்நீர்த் தொட்டியோரம்

பெரு நாட்டின் தம்போகிராண்டேயில் மாம்பழம் ஏற்றுமதி செய்யும் ஆலையில் வெந்நீர்த் தொட்டி அபிலியோ யார்லெக்கேயின் பொறுப்பு. அமெரிக்கா போகிற பழம் நாற்பத்தாறு டிகிரி வெந்நீரில் எழுபத்தைந்து நிமிடம் மூழ்கிக் கிடக்க வேண்டும். பழ ஈயின் முட்டை ஒன்றுகூட உயிரோடு கடல் தாண்டக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். சூடு பார்த்து எழுத எர்மெலிந்தா இருந்தாள். கூடையை இறக்கிவிட்டால் இருவருக்கும் காத்திருப்பதுதான் வேலை.

ஐந்து பருவங்கள் அப்படிப் பேசிப் பேசியே கழிந்தன. மனைவி இறந்தபின் வீட்டில் வாய் திறக்காத மனிதன், தொட்டியோரம் நின்றால் ஓயமாட்டான். அவள் வாழைக்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாள்.

"மாம்பழம் தினம் குளிக்குது. உங்க சட்டை தண்ணியப் பாத்து எத்தன நாளாச்சு?"

"துவைக்க ஆளில்லையே."

"ஆள் தேடுற மூஞ்சியா இது?"

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான். அதற்குள் கூடையைத் தூக்கச் சொல்லி மணி அடித்துவிடும்.

ஆறாவது பருவத்தில் முதலாளி அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்குப் பழம் அனுப்பத் தொடங்கினார். அங்கே வெந்நீர் கேட்கவில்லை. பூச்சிமருந்து மிச்சம்தான் அளவு தாண்டக் கூடாது. தொட்டி வற்றியது. அபிலியோவைப் பெட்டி அடுக்கப் போட்டார்கள். எர்மெலிந்தா மருந்து மிச்சம் பார்க்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, தோட்டம் தோட்டமாகப் பழ மாதிரி எடுக்கப் போனாள்.

"அவங்களுக்கு ஈன்னா பயம், இவங்களுக்கு மருந்துன்னா பயம். நம்மள யார் கேட்டா?" என்று சிரித்தபடியே கிளம்பினாள்.

பெட்டி அடுக்கும் இடத்தில் இயந்திர இரைச்சல். பேச முடியாது. பேசவும் யாருமில்லை. சாப்பாட்டு நேரத்தில் காய்ந்த தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்வான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அவளைத் தேடிப் போனான். மரத்தடியில் கையுறையோடு பழங்களைப் பையிலிட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததைத் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

எர்மெலிந்தா பையை மூடி ஒட்டினாள். "அஞ்சு வருஷம் பக்கத்துலயே நின்னேன். அப்ப நாக்கு எங்க போச்சு உங்களுக்கு?"

"இப்ப வந்துட்டேன்ல?"

"நாளைக்கு என்னைய தெக்க காஸ்மாவுக்கு அனுப்புறாங்க. ஏப்ரல்ல போன் பண்ணுங்க. எந்த ஊர்ல இருப்பேனோ!"

ஏப்ரலில் கூப்பிட்டான். காஸ்மாவிலேயே இருந்தாள், அங்கே வெண்ணெய்ப்பழ அறுவடை தொடங்கிவிட்டதாம், வேலை முடிய ஆகஸ்ட் ஆகுமாம். வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீங்க என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் காஸ்மாவுக்கு ஒரு சீட்டு கேட்டான். பத்து மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். பரவாயில்லை என்று ஜன்னலோரமாக வாங்கிக்கொண்டான்.