என் மகள் தானாக மூச்சுவிட்ட நாள்

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மகள் ஜெனிஷா கட்டிலை விட்டு இறங்கினாள். இறங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, காலு வரல."

அவளுக்கு அப்போது நான்கு வயது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். கையை விட்டதும் சரிந்தாள். மறுபடி தூக்கினேன். அவளுடைய கால்கள் துணி மாதிரித் தொங்கின.

கர்த்தருக்குள் அன்பான உங்களுக்கு என்னைத் தெரியாது. என் பெயர் எஸ்தர். பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர் செல்வம் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். நான் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர் என்னைக் கட்டுவதற்காகச் சபைக்கு வந்தவர். அதற்குப் பிறகு கிறிஸ்மஸுக்கு மட்டும் வருவார். நான் ஜெபம் பண்ணினால் தடுக்க மாட்டார், சேர்ந்து பண்ணவும் மாட்டார்.

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம் அது. இரண்டு வாரத்துக்கு முன்னால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து சுகமாகியிருந்தது. சனிக்கிழமை நடக்கும்போது இரண்டு மூன்று முறை தடுக்கி விழுந்தாள். நோயில் கிடந்த பிள்ளை, தெம்பில்லை என்று இருந்துவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் என் மடியிலேயே படுத்திருந்தாள். திங்கட்கிழமை இப்படி.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பிள்ளையின் உள்ளங்காலில் கிள்ளிப் பார்த்தார்.

"வலிக்குதா கண்ணு?"

"வலிக்குது."

"வலி தெரியுது. ஆனா காலை இழுக்க மாட்டேங்குதே எஸ்தரு. என்னமோ மாதிரி இருக்கு. தூக்கு, மருந்து காம்பராவுக்குப் போவோம்."

தோட்டத்து மருந்துக்காரர் ஜெனிஷாவை மேசை விளிம்பில் உட்கார வைத்து முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னிடம் பேசவில்லை. வாசலில் நின்ற லொறி டிரைவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"லொறிய எடு. இந்தப் புள்ள இப்பவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்னங்க ஐயா, என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"போங்கம்மா. நின்னு பேச நேரமில்ல."

லொறியில் ஏறியதும் செல்வத்துக்கு போன் எடுத்தேன். "புள்ளைக்குக் காலு வரலங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குள் லைன் அறுந்துவிட்டது. பாக்கியம் அக்காவும் அவருடைய கணவர் ராமையா அண்ணனும் என்னுடனேயே வந்தார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கொடுத்தேன். விழுங்க முடியாமல் விழித்தாள். பால் மூக்கு வழியாக வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நோய் காலோடு நிற்கவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தோட்டத்து எல்லையைத் தாண்டி ஒரு வளைவில் லொறி நின்றுவிட்டது. முன்னால் பாதை இல்லை. மலை சரிந்து, மண்ணும் மரமும் பாறையுமாகப் பாதையை மூடிக் கிடந்தது. மேலே இருந்து இன்னும் சேறு வடிந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"யாரும் தாண்ட வேணாம். இன்னும் சரியும்."

நான் மழையில் நின்றேன். வாயில் ஜெபம் வரவில்லை. சிறு வயதிலிருந்து மனப்பாடம் பண்ணிய வசனங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, அந்தப் பக்கம் ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. மூடுபனி மூடியிருந்தது.

ராமையா அண்ணன் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, "புள்ளயக் குடும்மா" என்றார்.

"வேணாண்ணே. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"குடுன்னா குடு."

பிள்ளையைப் படுக்க வைத்தால் எச்சில் தொண்டையில் அடைக்கிறது. அதனால் அவர் அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். லொறியில் இருந்த படங்குத் துணியால் நான் மழை படாமல் இருவரையும் சுற்றிக் கட்டினேன். அவர் முன்னால் போனார். பின்னால் நான். முழங்கால் வரை சேறு இழுத்தது. நடுவில் போகும்போது மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. ராமையா அண்ணன் அசையாமல் நின்றார். நானும் நின்றேன். சின்னச் சின்னக் கற்கள் எங்களைத் தாண்டி உருண்டு பள்ளத்தில் விழுந்தன. இதோ முடிந்தது என்று நினைத்தேன். என் பிள்ளையின் முகத்தை இன்னும் ஒரு முறை பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பிறகு சத்தம் நின்றது. "நட" என்றார். நடந்தோம். பின்னால், மண்ணுக்கு அந்தப் பக்கத்தில், பாக்கியம் அக்கா மாரியம்மனைக் கூப்பிட்டு அழுகிற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு வேன் இருந்தது.

பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் நானா என்று கூப்பிடுவோமே, அப்படி ஒரு முஸ்லிம் அண்ணன், தோட்டக் கடைகளுக்குச் சாமான் கொண்டுவந்தவர், பாதை இல்லை என்று கண்டு வேனைத் திருப்பி முடித்திருந்தார். இன்னும் சிறிது நேரம் நாங்கள் தாமதித்திருந்தால் அவர் போயிருப்பார். சேறும் தண்ணீருமாக நாங்கள் வருவதைக் கண்டு கதவைத் திறந்துகொண்டு குதித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்த மாவு மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார்.

"ஏறுங்க தங்கச்சி. புள்ளட தலயப் புடிச்சுக்கோங்க."

ராமையா அண்ணன் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு முன்னால் ஏறினார். பசறை தாண்டிப் பதுளைக்கு இறங்கும் அந்தப் பாதையின் வளைவுகள் உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஜெனிஷாவின் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. அவள் அழுதாள், ஆனால் அழுகைக்குச் சத்தம் இல்லை. நானா கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார்.

"அம்மா, நரம்பைத் தாக்கிற ஒரு வருத்தம் இது. காலில தொடங்கி மேல ஏறும். இப்ப மூச்செடுக்கிற தசைக்கு வந்திட்டுது. மிசின் போட்டிருக்கிறம். மருந்தும் ஏத்தத் தொடங்கிட்டம்."

"பொழச்சிருவாளா அம்மா?"

அவர் என் தோளில் கை வைத்தார். "எத்தனையோ பிள்ளையள் சுகமாகி வந்திருக்கினம். ஆனா இப்ப ஒண்டும் உறுதியாச் சொல்ல ஏலாது. நான் பொய் சொல்ல மாட்டன்."

உள்ளே விட்டபோது நான் கண்டதை எந்தத் தாயும் காணக்கூடாது. வாயில் குழாய். கை அசையவில்லை. கால் அசையவில்லை. ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. 'அம்மா, பேச முடியல, ஏன் என்னைத் தூக்கல' என்று கேட்பது போல. கண்ணீர் அவள் காதுப் பக்கம் வழிந்தது. அதை அவளால் துடைக்க முடியாது. நான் துடைத்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

மறுநாள் செல்வம் வந்து சேர்ந்தார். கண்ணாடி வழியாகப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழம தவறாமப் போறியே. உன் ஆண்டவரு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாரு?"

உண்மையைச் சொல்கிறேன், அதே கேள்வி என் மனதிலும் இருந்தது. எங்கள் போதகரும் சபையாரும் உபவாசமிருந்து ஜெபிப்பதாகப் போனில் சொன்னார்கள். நான் "சரிங்க" என்றேன். எனக்குள் விசுவாசம் என்று சொல்லும்படி எதுவும் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது. தூங்கினால் பயம், விழித்தால் பயம். நர்ஸ் வேகமாக நடந்தால் பயம்.

எங்களோடு வெளியே காத்திருந்தவர்களில் வெலிமடைப் பக்கத்துச் சிங்களத் தாய் ஒருத்தி இருந்தாள். உருளைக்கிழங்கு போடும் குடும்பம். அவளுடைய கைக்குழந்தையும் உள்ளே மிசினில். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தால் எனக்கும் ஊற்றித் தருவாள். அவள் கையில் பௌத்த பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் இருந்தது. அவள் அவளுடைய முறையில் வேண்டினாள். நான் என்னுடைய முறையில். ஒரு நாள் பகலில் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் போட்ட சத்தம் அந்த மாடி முழுவதும் கேட்டது.

போகும்போது என்னிடம் வந்தாள். என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஒங்க மகளுக்கு நல்லா வரும்" என்றாள். தன் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோகிற ஒருத்தி அதைச் சொன்னாள். அவள் பிள்ளை ஏன் போனது, என் பிள்ளை ஏன் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். அன்று எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அடுத்தது நாங்கள்தான் என்று உட்கார்ந்திருந்தேன்.

செல்வத்தைக் காணவில்லை. தேடிப் போனேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

"என்னங்க?"

"எனக்கு உன்ன மாதிரி சொல்லத் தெரியாது எஸ்தரு. 'இயேசு சாமி, எம் புள்ளய வுட்டுருங்க'ன்னு சொன்னேன். அதுக்கு மேல வரல."

நான் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னதையே நானும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பண்ணிய முதல் ஜெபம் அது. அழுதுகொண்டே, நடுங்கிக்கொண்டே பண்ணினோம். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

பிறகு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"இண்டைக்குக் குழாயை எடுத்துப் பாக்கப் போறம். தானா மூச்செடுத்தா நல்லது. களைச்சுப் போனா திரும்பவும் போட வேணும். தொண்டையில துளை போட வேண்டியும் வரலாம்."

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெளியே. செல்வம் என் கையை நெரித்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் அந்த நேரம் கொழுந்து நிறுத்துக்கொண்டிருப்பார்கள். சபையார் எங்கள் காம்பராவில் முழங்காலில் இருந்தார்கள். பாக்கியம் அக்கா கோயிலில் விளக்கேற்றப் போயிருந்தார். அந்த நானாவும் பள்ளிவாசலில் துஆ கேட்பதாக முந்தின நாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். எத்தனை வாயிலிருந்து என் மகளின் பெயர் போனதோ. அதையெல்லாம் காதில் வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே ஏதோ மணி அடித்தது. ஆட்கள் அசைவது தெரிந்தது. "ஆண்டவரே, மூச்சு குடும். உம்முடைய மூச்சக் குடும்" என்றேன். மணி நின்றது. நின்றது நல்லதுக்கா கெட்டதுக்கா? நெடுநேரம் யாரும் வரவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் அம்மா முகக்கவசத்தை இறக்கினார். அவர் கண் சிவந்திருந்தது. சிரித்தார்.

"வாங்கோ. வந்து பாருங்கோ."

குழாய் இல்லை. என் மகளின் சின்ன நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடியும் ஏறியது. அதை யாரும் தள்ளவில்லை. நான் குனிந்து அவள் மூக்கருகே என் கன்னத்தை வைத்தேன். சூடாகப் பட்டது. கரகரத்த குரலில், கேட்டும் கேளாமலும், "அம்மா, தண்ணி" என்றாள். செல்வம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகும் நாட்கள் லேசாக இருக்கவில்லை. முதலில் கைவிரல். பிறகு கழுத்து. உட்காரப் பழக்கினார்கள். வார்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற அன்று மற்றத் தாய்மார் எல்லாரும் கை தட்டினார்கள். இப்போது நடக்கிறாள். மலைப்பாதையில் ஏறும்போது இடது காலை இன்னும் கொஞ்சம் இழுப்பாள். டாக்டர் அம்மா அதுவும் சரியாகும் என்கிறார். அந்த டாக்டர் அம்மாவுக்கும் நர்ஸ்மாருக்கும், மலை சரியும்போது என் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்ட ராமையா அண்ணனுக்கும், அந்த நானாவுக்கும் என் ஆயுசு முழுக்க நன்றி சொல்லவேண்டும். அவர்களை எல்லாம் என் ஆண்டவர்தான் வழிநெடுக நிறுத்தி வைத்தார் என்று நான் நம்புகிறேன்.

செல்வம் கொழும்பு வேலையை விட்டுவிட்டுப் பதுளையிலேயே வேலை தேடிக்கொண்டார். சாயந்திரம் மூவரும் சேர்ந்து உட்காருகிறோம். அவர் ஜெபம் இன்னும் ஒரு வரிதான். நான் முன்பு நீளமாக ஜெபிப்பவள். இப்போது எனக்கும் சுருங்கிவிட்டது. வெலிமடைத் தாயின் பெயரை ஒரு நாளும் விடுவதில்லை.

ஜெனிஷா தடுக்கி விழுந்தால் இன்றும் என் உயிர் ஒரு நொடி நின்றுபோகிறது. சாட்சி சொல்கிறவள் பயப்படலாமா என்று கேட்பீர்கள். நான் பயப்படுகிறேன். ஆகவே உங்களிடம் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படுத்திருக்கலாம். வாயில் வசனம் வராமல் இருக்கலாம். விசுவாசம் பெரிதாகட்டும், அப்புறம் கூப்பிடுவோம் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடிக்கொண்டே கூப்பிடுங்கள். நடுங்குகிற குரலையும் அவர் கேட்கிறார். என் குரலைக் கேட்டார்.