அம்மாவுக்குப் போடாத மணை

என் சமையலறைச் சுவரில் ஒரு மணை சாய்ந்திருக்கிறது. தங்கச் சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கப் போன கட்டைகளில் மிஞ்சியதை அறுத்து, சாம்பியன் ரீப்ஸ் தச்சர் ஒருவர் செய்தது. ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வு, உட்கார்ந்தால் ஆடும். வீட்டுக்கு வருகிறவர்கள், "இத அடுப்புல வெக்காம இன்னும் வச்சிக்கினு கீறியே" என்பார்கள். வைத்திருப்பேன். என் சாமான், என் இஷ்டம். இதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்த டாக்டரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையும் ஆற்றாமையும் சேர்ந்தேதான் வருகின்றன.

அறுபதுகளில், எங்கள் சுரங்கத்துக்குப் பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் தர்மத்துக்கு நடந்த ஒரு தாய்சேய் நிலையத்துக்கு மெட்ராசிலிருந்து வந்தவர் அவர். அதுவரை அங்கே வேலை என்றால் குழந்தையை எடை போடுவது, பால் மாவு கொடுப்பது, எடை குறைந்திருந்தால் தாயைத் திட்டுவது. அவ்வளவுதான். டாக்டரம்மா பத்தாவது படித்த, சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்களாகச் சிலரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். நானும் ஒருத்தி. "எடையைத் தராசு பாத்துக்கும். நீங்க முகத்தைப் பாருங்க" என்றார் முதல் நாளே. கைக்குழந்தைக்கும் மனசு உண்டு, அதற்கும் துக்கம் வரும் என்று அவர் சொன்னபோது நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மூணு மாசக் குழந்தைக்கு மனசாம்! ஆனால் அவர் காட்டக் காட்டத்தான் கண்ணில் பட்டது. தாய் சிரித்தால் குழந்தை காலை உதைக்கிறது. தாய் வேறெங்கோ வெறித்தால் கொஞ்ச நேரம் அவளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன் கை தளர்ந்து விழுகிறது. இத்தனை பிள்ளைகள் பிறந்து வளர்ந்த லைனில் இருந்துகொண்டு நான் இதைப் பார்த்ததே இல்லை.

வீடு வீடாகப் போகும்போது வாசலில் நின்றபடி கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதனால் ஆளுக்கொரு மணை செய்யச் சொன்னார். அதைக் கையோடு எடுத்துப் போய், தாய் பக்கத்தில் போட்டு உட்கார வேண்டும். அவளாகப் பேசுகிறவரை வாய் திறக்கக் கூடாது. லைனில் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா! "இன்னாம்மா, எலையும் கையோட கொண்டாந்திருக்கியா, இல்ல நாங்க போடணுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நாங்கள் கேட்டதற்கு, "அது கஷ்டமான பாடம், கடைசியில வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, தரை அதிர்ந்து அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. லைனில் இருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கீழே பாறை வெடித்திருக்கிறது. எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்கு ஓடினோம். ஆளேற்றும் கூண்டான கேஜ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். என் அண்ணனைச் சாயங்காலம் துணியால் மூடிக் கொண்டுவந்தார்கள்.

அண்ணிக்கு அப்போது நாலு மாசக் கைக்குழந்தை, பெண். காரியமெல்லாம் முடிவதற்கு முன்பே அம்மா அண்ணியின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "துக்கப் பால் புள்ளைக்கு ஆவாது" என்றாள். எங்கள் லைனில் அது வழக்கம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. குழந்தைக்குப் புட்டிப்பால் வந்தது. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். முதலில் வீறிட்டு அழுத குழந்தை போகப் போக அழுவதையே விட்டுவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள், "தா, இன்னா சமத்து" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சமத்து என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களே! டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

மணையை இடுக்கிக்கொண்டு அவரே வந்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார், அடுப்படிக்கு முதுகைக் காட்டியபடி. தினமும் வந்தார். குழந்தையை அண்ணியின் கைக்கு எட்டும் இடத்தில் பாயில் கிடத்தச் சொன்னார். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் குழந்தை சிணுங்கியது. அண்ணியின் ரவிக்கை நனைந்தது. அவள் திரும்பி, முதல் தடவையாகக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி, எளச்சிப் போயிட்ட" என்றாள். நான் அழுதே விட்டேன். டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்தார். அடுப்படியில் அம்மா ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "புள்ளையும் போனான், இப்ப இதுவும் எனக்கில்லையா" என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. டாக்டரம்மா காதில் விழவில்லை.

நிலையத்தை நடத்திய கமிட்டிக்காரர்களுக்கு எங்கள் வேலை பிடிக்கவில்லை. "சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு டிரெயினிங்கா?" என்று கேட்டார் ஒரு பெரிய மனிதர். பயிற்சியை நிறுத்தினார்கள். ஊருக்குக் கிளம்பிய டாக்டரம்மாவை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மணையை என் கையில் கொடுத்தவர், பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. "நல்லாத்தான் கீறாங்க" என்றேன். அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று. ஏதோ சொல்ல வந்தார், பஸ் நகர்ந்துவிட்டது.

அடுத்த மாதமே வாணியம்பாடி பக்கத்திலிருந்து அண்ணியின் அப்பா வந்தார். சின்ன வயசு, இன்னொரு கல்யாணம் செய்ய வேண்டும் என்றார். அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா அதைப் பிடுங்கினாள். "இது எம்புள்ள ரத்தம். நீ போ, இத உட்டுட்டுப் போ." அண்ணி காலில் விழுந்தாள். அம்மா அசையவில்லை. அண்ணியின் அப்பாவும் குழந்தையைக் கேட்கவில்லை. அவருக்கும் அதுதான் சௌகரியம். பேச வேண்டும் என்று எனக்குத் துடித்தது. அம்மாவிடம் என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது? கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பாடம் எனக்கு வந்து சேரவே இல்லையே! சில வருஷம் கழித்து அண்ணி ஒரு தடவை பார்க்க வந்தாள். குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதற்கப்புறம் அண்ணி வரவில்லை.

அப்பா சுரங்க வேலையிலிருந்து ரிடையர் ஆன பிறகு, ஒரு மத்தியானம், அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, மணையை எடுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "இன்னாடி, எங்கிட்டயா?" என்றாள். நான் பேசவில்லை. முறம் நின்றது. "காப்பி ஆறிப்போச்சின்னு சொன்னான்டி அன்னிக்கி. ஷிப்டுக்கு நேரமாச்சி, குடிச்சிட்டுப் போடான்னு வெரட்டிட்டேன்" என்றாள். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "அந்தப் புள்ள மடியில இருந்தா அவன் இருக்கறாப்பல இருந்திச்சி. அதான்டி குடுக்கல." எவ்வளவு நல்ல டாக்டர் அவர்! எப்படித் தவறவிட்டார்? அந்த வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அடுப்படியில்தானே இருந்தாள்!

இப்போது பெங்களூரில் கைக்குழந்தை மனசைப் பார்ப்பதற்கென்றே படிப்பெல்லாம் இருக்கிறதாம். போன மாதம் வந்திருந்த அண்ணன் மகள்தான் சொன்னாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மணையைப் போட்டு உட்கார்ந்து, அது ஆடியதும் சிரித்தாள். கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"எங்கம்மா பக்கத்துல டாக்டரம்மா இதுலதான் உக்காந்தாங்களா அத்தை?"

"ஆமா."

"அப்ப அடுப்படியில இருந்த எங்க ஆயா பக்கத்துல?"

"யாருமே உக்காரலம்மா" என்றேன். "உக்காந்திருந்தா, நீ உங்கம்மா கிட்ட வளந்திருப்ப."